வயசான நாயைத் தத்தெடுக்கலாமா? கேட்டீர்கள், சொல்கிறேன்

சிங்கப்பூரின் பல பேட்டைகளிலிருந்து நீங்கள் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு என் பதில்களையும் இங்கே தருகிறேன். கேட்டவரின் பேட்டைப் பெயர் முதலில் இருக்கும். கைவிடப்பட்ட நாய்களுக்கான தங்குமனையிலிருந்து வயசான நாய்கள் மூன்றை அடுத்தடுத்து வளர்த்தவள் நான். வைத்தியர் இல்லை. அதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஈசூன்: அக்கா, நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. பத்து வயசு உள்ளூர்க் கலப்பு நாய் ஒன்றைப் பார்த்து மனசு போய்விட்டது. அனுமதி கிடைக்குமா?

அடோர் என்ற திட்டத்தில் கிடைக்கும். வீவக வீட்டில் பட்டியலில் உள்ள சிறிய இனங்களுக்குத்தான் வழக்கமாக இடம். நம்ம ஊர்க் கலப்புகளுக்காக 2012ல் இந்த வழி திறந்தது. திட்டத்தில் உள்ள நலச் சங்கம் மூலமாக மட்டுமே எடுக்க முடியும். வீட்டுக்கு ஒரு நாய்தான். கருத்தடை செய்த நாய்க்கு உரிமம் ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90.

பொங்கோல்: முதல் இரண்டு வாரம் அவ்வளவு சாது. இப்போது நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்டாலே குரைக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர்.

அது சாது இல்லைம்மா, பயம். என் முதல் நாய் வந்த புதிதில் சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும். கிண்ணத்தை வைத்துவிட்டு நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினால்தான் சாப்பிடும். ‘எவ்வளவு சமத்து’ என்று நானும் ஊரெல்லாம் சொன்னேன், முட்டாள்தனமாக. பயம் தெளியும்போதுதான் நாயின் சுபாவம் வெளியே வரும். அதற்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். வாசல் கேட்டில் துணி கட்டிப் பார்வையை மறையுங்கள். காலடிச் சத்தம் கேட்டதும், அது குரைக்கும் முன்பே, கோழித்துண்டு ஒன்று போடுங்கள். அதட்டாதீர்கள். வீட்டுக்காரரிடம் என் பெயரைச் சொல்லி மூன்று மாதம் தவணை கேளுங்கள்!

ஜூரோங்: தூங்கி எழுந்ததும் நொண்டுகிறது. பெனடால் பாதி கொடுக்கலாமா?

கூடவே கூடாது. மனிதர் வலி மாத்திரை நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எழுந்ததும் நொண்டி, நடக்க நடக்கச் சரியானால் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். மருத்துவரிடம் ரத்தம், சிறுநீர், பல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சொத்தைப் பல்லால் சாப்பிடாமல் கிடப்பதை ‘வயசாச்சு’ என்று விட்டுவிடுவோம். அதுவரை தரையைக் கவனியுங்கள். பளிங்குத் தரையில் நகம் கீச்சிட்டுப் பின்னங்கால் அகன்று போவதைப் பார்த்தாலே புரியும். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரை ரப்பர் விரிப்பு போடுங்கள்.

செங்காங்: காப்புறுதி எடுக்கலாமா?

முதல் தவணை கட்டும் முன் வயது வரம்பைப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள். நான் மாதம் 100 வெள்ளி தனியாகப் போட்டு வைக்கிறேன்.

பிடோக்: பக்கத்து வீட்டில் மலாய் முஸ்லிம் குடும்பம், நாயைத் தொடமாட்டார்கள். மின்தூக்கியில் சங்கடமாக இருக்கிறது.

அவர்கள் ஏறட்டும், நீங்கள் அடுத்ததில் போங்கள். வயசான நாய்க்கும் நெரிசல் ஆகாது. வேறு வழியில்லை என்றால் மூலையில் நிறுத்தி, வாரைக் குறுக்கிப் பிடித்து, நீங்கள் நடுவில் நில்லுங்கள்.