பழைய 1060-ஆ, 580-ஆ?

என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 (6 ஜிபி மெமரி), ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 (8 ஜிபி) ஆகிய இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளும் செகண்ட் ஹேண்டில் ஒரே விலைக்குக் கிடைக்கின்றன, 1080பி (1920×1080) திரையில் கேம் விளையாட எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். 580-ஐயே எடுங்கள்.

2016-இல் 1060 வந்த புதிதில், டைரக்ட்எக்ஸ் 11 (கேம் கார்டோடு பேச உதவும் மென்பொருள்) கேம்களில் பெரும்பாலும் அதன் கைதான் ஓங்கியிருந்தது. அதற்கடுத்த டைரக்ட்எக்ஸ் 12, அதே வேலையைச் செய்யும் வல்கன் ஆகியவற்றில் ஓடும் கேம்கள் பெருகப் பெருக ஏஎம்டி பக்கம் காற்று திரும்பியது. டூம் கேமுக்கு அதே ஆண்டு வல்கன் அப்டேட் வந்தபோதே ஏஎம்டி கார்டுகளின் வேகம் நன்றாக ஏறியது.

ஆனால் இன்றைக்கு முக்கியம் மெமரிதான். புதிய கேம்களில் டெக்ஸ்சரை (சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டும் படங்களை) ஹையில் வைத்தால் 6 ஜிபி சட்டென்று நிரம்பிவிடும். பக்கத்தில் போய் நின்றாலும் சுவரின் செங்கற்கள் மங்கலாகவே இருக்கும். நாம் கடந்துபோன பிறகு தெளிவாகும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) கணக்கில் இது தெரியவே தெரியாது. 580-இல் கூடுதலாக உள்ள 2 ஜிபி அங்கேதான் கைகொடுக்கும்.

580 கரண்ட் அதிகம் இழுக்கும்: 1060-க்கு 120 வாட் என்றால் இதற்கு 185. உங்களிடம் உள்ள 550 வாட் பவர் சப்ளை நல்ல தரமானது என்றால் கவலை வேண்டாம்.

டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) விஷயத்தில் இரண்டுமே வயதானவை, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பணம் கொடுக்கும் முன் 580 கார்டை மாட்டி, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் ஷேடர் (கார்டில் உள்ள சின்னக் கணிப்பு அலகுகள்) எண்ணிக்கையைப் பாருங்கள். 2304 இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால் அது அதே பெயரில் விற்கும் குறைந்த ரகம். விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.