மருத்துவர் பதில்கள்: செவி நரம்பில் வளரும் சாதாரணக் கட்டி

கேள்வி: என் கணவருக்கு வயது 54, அரசுப் பள்ளி ஆசிரியர். இரண்டு ஆண்டுகளாக இடக்காது மந்தமாகி வந்தது. தொலைபேசியை அந்தக் காதில் வைத்தால் குரல் கேட்கிறது, சொல் புரிவதில்லை என்பார். ஓயாத இரைச்சல் வேறு. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் உட்காது நரம்பில் 11 மி.மீ. கட்டி தெரிந்தது, புற்றுநோய் இல்லை என்கிறார்கள். ஒரு மருத்துவர் அறுவைச் சிகிச்சை என்கிறார், இன்னொருவர் கதிர்வீச்சு என்கிறார், மூன்றாமவர் ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இது பிள்ளைகளுக்கும் வருமா? கவலையில் அவர் உறங்குவதே இல்லை.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: மூவரும் சொன்னவை இக்கட்டிக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட மூன்று வழிகளே, எனவே அவர்களில் யாரும் உங்களைத் தவறாக வழிநடத்தவில்லை என்று முதலில் ஆறுதல் கொள்ளுங்கள். வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்றும், பழைய வழக்கில் அக்கௌஸ்டிக் நியூரோமா என்றும் சொல்லப்படும் இக்கட்டி, உடலின் சமநிலையைக் காக்கும் நரம்பின் உறையிலுள்ள ஷ்வான் செல்களிலிருந்து தோன்றுகிறது. அது வேறு உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. அதே குறுகிய எலும்புக் குழாயில்தான் கேட்கும் நரம்பும் முகத்தை இயக்கும் நரம்பும் செல்கின்றன என்பதால், ஒலி காதில் விழுந்தும் சொல் தெளியாத நிலை உண்டாகிறது. பிள்ளைகளைப் பற்றிய அச்சம் வேண்டாம். இரு காதுகளிலும் கட்டி வந்தாலோ மிக இளம் வயதில் வந்தாலோதான் மரபணுக் கோளாறு உண்டா என்று தேடுவோம். இந்த வயதில் ஒரு காதில் மட்டும் வருவது பெரும்பாலும் பரம்பரையாகத் தொடர்வதில்லை.

இந்த அளவுள்ள கட்டிக்கு என் கருத்து, முதலில் காத்திருந்து கண்காணிப்பதே. வளரும் கட்டிகள்கூடப் பொதுவாக ஆண்டுக்கு 1 முதல் 2 மி.மீ. வரையே வளர்கின்றன, பல கட்டிகள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருக்கின்றன. நார்வே நாட்டின் பெர்கன் நகரில், புதிதாகக் கண்டறியப்பட்ட, 2 செ.மீ.க்குக் குறைவான கட்டியுள்ள 100 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு உடனே காமா நைஃப் (கத்தியின்றிக் கதிர்களைக் கட்டியின்மேல் குவிக்கும் முறை) கதிர்வீச்சு அளித்தும், மறு பாதியினரை ஸ்கேன் மூலம் கண்காணித்தும் நான்கு ஆண்டுகள் ஒப்பிட்டார்கள். முடிவு 2023-இல் வெளியாயிற்று. கதிர்வீச்சு பெற்றவர்களின் கட்டி சராசரியில் சற்றே சுருங்கியது; காத்திருந்தவர்களின் கட்டி கன அளவில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது. ஆனால் கேட்புத்திறனிலோ அன்றாட வாழ்க்கைத் தரத்திலோ இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. காத்திருந்த 50 பேரில் 28 பேருக்கு நான்கு ஆண்டு முடிவிலும் எந்தச் சிகிச்சையும் தேவைப்படவில்லை; 21 பேர் கட்டி வளர்ந்த பின் கதிர்வீச்சு பெற்றார்கள், ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. வளர்ந்த பிறகு சிகிச்சை பெறும் வாய்ப்பு அவர்களுக்குத் திறந்தே இருந்தது என்பதை உங்கள் கணவர் மனத்தில் கொள்ள வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்டி வளராமலே இருந்தாலும் அந்தக் காதின் கேட்புத்திறன் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையக்கூடும்; கதிர்வீச்சு கொடுத்தாலும் அது பலருக்குக் குறைகிறது. கேட்பதைக் காப்பாற்ற முயலும் அறுவைச் சிகிச்சை உண்டு. ஆனால் சொல் புரியும் திறன் நன்றாக எஞ்சியிருப்பவர்களுக்கே அது பொருந்தும், அவர்களுக்கும் உறுதி கூற இயலாது. ஆகவே சொல் எவ்வளவு புரிகிறது என்று பார்க்கும் சோதனையுடன் கூடிய ஆடியோகிராம் (கேட்புத்திறன் அளவீடு) எடுக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். கண்காணிப்பு என்றால் மறந்துவிடுவது என்று பொருளல்ல. முதல் ஸ்கேன் ஆறு மாதத்தில், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, சில ஆண்டுகள் மாற்றமில்லை என்றால் இடைவெளியைக் கூட்டலாம். அடியோடு நிறுத்தக் கூடாது. 2 மி.மீ.க்கு மேல் வளர்ந்திருந்தால் சிகிச்சை பற்றி மறுபடி பேச வேண்டும். ஒவ்வொரு முறையும் அறிக்கைத் தாளை மட்டுமன்றி ஸ்கேன் சி.டி.யையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து அளந்தால்தான் வளர்ச்சி உண்மையா என்று தெரியும்.

உறக்கமின்மையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான். நார்வேயிலும் அமெரிக்காவிலும் சிகிச்சை பெற்றவர்களையும் கண்காணிப்பில் இருந்தவர்களையும் ஒப்பிட்டு 2015-இல் வெளியான ஆய்வில், எந்த வழியைத் தேர்ந்தார்கள் என்பதால் வாழ்க்கைத் தரத்தில் உண்டான வேறுபாடு சிறிதாகவே இருந்தது. கட்டி உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையிலான வேறுபாடே அதைவிடப் பெரிதாக இருந்தது. நோயாளியின் நாளைக் கெடுப்பவற்றில் தலைச்சுற்றலும் தலைவலியும் முன்னே நிற்கின்றன. காது மந்தம்கூட அவற்றுக்குப் பின்புதான். இந்நோய்க்கென்றே 2010-இல் உருவான வாழ்க்கைத் தர வினாப்பட்டியலில் கேட்பது, சமநிலை, முகம், வலி ஆகியவற்றோடு பதற்றமும் சோர்வும் தனிப் பிரிவுகளாகவே உள்ளன. எனவே உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் உதவி கேட்பதை அவர் கூச்சமாக நினைக்க வேண்டாம். இரைச்சலுக்கும் ஆலோசனை முறைகள் உண்டு. வகுப்பறையில் மாணவர்கள் அவரது வலப்புறம் அமையும்படி நின்றுகொள்ளட்டும். இடக்காதின் ஒலியை வலக்காதுக்கு அனுப்பும் கிராஸ் வகைக் கருவியை வாங்குமுன் சில நாள் அணிந்து பார்க்கட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 67. கட்டி 3.5 செ.மீ.; மூளைத்தண்டை அழுத்துகிறதாம். அந்தக் காது முழுவதும் செவிடாகிவிட்டது, நடை தள்ளாடுகிறது. கத்தி வைக்காமல் கதிரிலேயே கரைத்துவிடலாம் என்று மாமா பிடிவாதமாக இருக்கிறார். அறுவைச் சிகிச்சை செய்தால் முகம் கோணிவிடும் என்று அம்மா அழுகிறார்.
— வாசகர், திண்டுக்கல்

பதில்: கதிர்வீச்சு கட்டியைக் கரைப்பதில்லை; அதன் வளர்ச்சியை நிறுத்துகிறது. மேலும் கதிர் பெற்ற கட்டி முதல் ஓராண்டில் சற்று வீங்கக்கூடும். சிறு கட்டியில் அதைப் பொறுத்துக்கொள்ள இடம் உண்டு. ஏற்கெனவே மூளைத்தண்டை அழுத்தும் கட்டியில் அந்த இடம் இல்லை. அதனால் இவருக்கு அறுவைச் சிகிச்சையே தக்க வழி என்று மாமாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். வாந்தியுடன் தலைவலி, பார்வை மங்கல், திடீர்க் குழப்பம் ஆகியவை மூளையில் நீர் தேங்குவதன் அறிகுறிகளாக இருக்கலாம்; அப்போது ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

அம்மாவின் அச்சம் நியாயமானது. அதை அதட்டி அடக்காதீர்கள். பெரிய கட்டியின் மேல் முக நரம்பு மெல்லிய நாடாவாக விரிந்து ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், கட்டி பெரிதாகப் பெரிதாக ஆபத்தும் கூடுகிறது. நூறாண்டுக்கு முன் அமெரிக்க மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் நோயாளியின் உயிரைக் காப்பதற்காகவே கட்டியின் ஒரு பகுதியை உள்ளே விட்டுவைத்தார். 1960-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் காது மருத்துவர் வில்லியம் ஹவுஸ் நுண்ணோக்கியின் துணையுடன் காதின் வழியாகவே கட்டியை அடையும் முறையை வளர்த்த பின் நிலைமை மாறியது. இன்று முக நரம்பின் இயக்கத்தை மின்கருவியால் கண்காணித்துக்கொண்டே அறுக்கிறார்கள். நரம்போடு ஒட்டிய மெல்லிய பகுதியை முகத்தைக் காப்பதற்காக விட்டுவைத்து, அது வளர்ந்தால் கதிர்வீச்சு தருவதும் உண்டு. கட்டியை மிச்சமின்றி எடுத்துவிட்டோம் என்ற பெருமையைவிட அம்மாவின் சிரிப்பும் இமை மூடுவதும் முக்கியம் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். அவருக்கு அந்தக் காது ஏற்கெனவே கேட்காததால், காதின் வழியாகச் செல்லும் முறை அந்தக் காதின் கேட்புத்திறனைப் பறித்தாலும், கேட்பதில் புதிதாக இழக்க ஒன்றுமில்லை. இவ்வளவு பெரிய கட்டிகளை எத்தனை பேருக்கு எடுத்திருக்கிறீர்கள், ஓராண்டுக்குப் பின் அவர்களின் முகம் எப்படி இருந்தது என்று அறுவை நிபுணரிடம் தயங்காமல் கேளுங்கள். ஒருவேளை முகம் தளர்ந்தால் முதலில் காக்க வேண்டியது கண்ணை. பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பும் இமை மூட ஒட்டும் பட்டையும் தேவைப்படும். நரம்பு அறுபடாமல் இருந்தால் பல மாதங்களில் இயக்கம் திரும்புவது உண்டு.

கேள்வி: காமா நைஃப் சிகிச்சை முடிந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. புதிய ஸ்கேனில் கட்டி சற்றுப் பெரிதாக இருக்கிறது. சிகிச்சை தோற்றுவிட்டதா? கதிரால் புற்றுநோய் வருமா? இருட்டில் நடந்தால் தலை சுற்றுகிறது.
— வாசகர், கரூர்

பதில்: இந்தக் காலகட்டத்தில் இது பலருக்கு நேர்வதுதான். 6 முதல் 18 மாதங்களுக்குள் கட்டி தற்காலிகமாக வீங்கிப் பின்னர் அடங்குவது அறிந்த ஒன்று. இந்த ஒரு படத்தை வைத்துத் தோல்வி என்று முடிவு செய்யவோ அறுவைச் சிகிச்சைக்கு அவசரப்படவோ வேண்டாம். கதிரால் கட்டி புற்றாக மாறுவது மிக மிக அரிது.

இருட்டில் தலை சுற்றுவதற்குக் காரணம், பழுதான சமநிலை நரம்பின் வேலையைக் கண்கள் ஈடுகட்டுவதும், வெளிச்சம் குறைந்தால் அந்தத் துணை இல்லாமல் போவதும் ஆகும். சமநிலைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் கற்று நாள்தோறும் செய்யுங்கள். தலைச்சுற்றல் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் மூளை தன்னைப் பழக்கிக்கொள்வது தாமதமாகும் என்பதால், அவற்றைப் படிப்படியாகக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கழிவறைக்குச் செல்லும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். ஏணி ஏறுவதையும் இரவில் இருசக்கர வாகனம் ஓட்டுவதையும் இப்போதைக்குத் தவிருங்கள். முகத்தில் புதிதாக மரத்துப்போதல், கூடிவரும் தள்ளாட்டம், வாந்தியுடன் தலைவலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கே செல்லுங்கள்.