ஆக்மென்டட் கார்ட் ஏன் உறுத்துகிறது?

வணக்கம். கிட்டார் பழகி இரண்டு வருடமாகிறது. ட்யூனரில் எல்லாத் தந்தியும் சரியாக இருந்தும் சி ஆக்மென்டட் மட்டும் சுருதி விலகியதுபோல் கேட்கிறது. பன்னிரண்டு ஆக்மென்டட் கார்டுகளையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறேன். பாட்டில் எங்கே போடுவதென்றுதான் பிடிபடவில்லை.

அன்புள்ள நண்பருக்கு,

அட்டவணையைக் கிழித்துவிடலாம். ஆக்மென்டட் கார்ட் மொத்தமே நான்குதான். சி ஆக்மென்டடின் சுரங்கள் சி, ஈ, ஜி ஷார்ப்: ஒவ்வொன்றுக்கும் நடுவே நான்கு அரைச்சுரம். இன்னும் நான்கு ஏறினால் மறுபடி சி. ஆகவே அந்த மூன்று பெயரும் ஒரே கார்டுக்குத்தான். நான்காம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை 3-2-2-1 (எத்தனையாவது ஃப்ரெட் என்ற எண்கள், 0 என்றால் திறந்த தந்தி; இது எஃப் ஆக்மென்டட்) பிடித்து, அப்படியே நான்கு ஃப்ரெட் மேலே நகர்த்திப் பாருங்கள். அதே சுரங்கள் இடம் மாறி ஒலிக்கும்.

சுருதி விஷயத்தில் உங்கள் காது சொல்வது சரி. சி-யை ச என்று வைத்தால் ஈ தான் அந்தர காந்தாரம். இயல்பான அந்தர காந்தாரம் ச-விலிருந்து 386 சென்ட் (ஓர் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஃப்ரெட் தருவது 400. மேஜர் கார்டில் பஞ்சமம் ஏறக்குறைய சுத்தமாக நின்று அதை மறைத்துவிடும். இங்கே பஞ்சமமே கிடையாது, மூன்று இடைவெளியும் அந்த ஏறிய காந்தாரம்தான். தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு இன்னும் உறுத்தும். எந்தக் கிட்டாரிலும் இது தீராது.

தீரக்கூடியது ஒன்று உண்டு. மூன்றாம் தந்தியை முதல் ஃப்ரெட்டில் மெதுவாக அழுத்தி ட்யூனரைப் பாருங்கள். திறந்த ஜி சரியாக இருந்து ஜி ஷார்ப் மட்டும் ஏறிக் காட்டினால், நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பட்டை) அந்தத் தந்தியின் பள்ளம் ஆழம் போதவில்லை. ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுங்கள். நீங்களே அரம் போட்டு ஒரு மயிரிழை கூடிப்போனால் திறந்த தந்தி முதல் ஃப்ரெட்டில் இடித்து இரையும்.

எங்கே போடுவது? ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில். நான்கு தந்திகளில் மட்டும் இதை வாசியுங்கள்: 2-0-1-0, 2-1-1-0, 2-2-1-0, 2-3-1-0, பிறகு எஃப், 3-2-1-1. சி, சி ஆக்மென்டட், ஏ மைனர், சி செவன், எஃப். மூன்றாம் தந்தி மட்டும் படிப்படியாக ஏறி, கடைசியில் எஃப்பின் ஏ-யில் இறங்குவது கேட்கும். பழகியபின் நடுவில் இரண்டை விட்டு, சி ஆக்மென்டடிலிருந்து நேரே எஃப்புக்குப் போங்கள்.

நான்காம் தந்தியில் நடுவிரலும் இரண்டாம் தந்தியில் ஆள்காட்டி விரலும் எஃப் வரும்வரை எழவே கூடாது. இரண்டாவது பிடியில் ஆள்காட்டி விரலைச் சாய்த்து இரண்டு, மூன்று தந்திகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். பெரும்பாலும் தப்பு இங்கேதான்: விரலின் அடிப்பாகம் முதல் தந்தியைத் தொட்டு அதன் வாயை அடைத்துவிடும். நுனி மூட்டைப் பின்பக்கம் வளைத்து அடிப்பாகத்தைத் தூக்குங்கள். மெட்ரோனோம் 60, கார்டுக்கு நான்கு தட்டு, தட்டுக்கொரு தந்தியாக மீட்டுங்கள். முதல் தந்தி தெளிவாக ஒலிக்கும்வரை ஸ்ட்ரம் வேண்டாம்.