ஒரு இறைச்சி மாட்டு இனத்தோட பலம், பலவீனத்தை எப்படி எடை போடறது?

இறைச்சிக்காக வளர்க்கற மாட்டு இனத்துல பலம்னா, அது வளர்ற இடத்துல குறைஞ்ச தீவனம், குறைஞ்ச சிக்கல்ல நல்ல கறி தர்ற குணம், அவ்ளோதான். எல்லாம் ஒரே இனத்துல கிடைக்காது, ஏன்னா ஒரு குணத்துக்காகவே தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்தா இன்னொண்ணு கூடவே அடி வாங்கும். பெல்ஜியன் ப்ளூங்கற இனத்தைப் பாருங்க, தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தற மையோஸ்டேட்டின் மரபணுல மாற்றம் இருக்கறதால சதை பிதுங்கி நிக்கும், கொழுப்பு ரொம்ப கம்மி, ஆனா கன்னு பெருசா இருந்து பசுவோட இடுப்பு வழி குறுகலா போறதால பெரும்பாலும் ஆபரேஷன் பண்ணித்தான் கன்னை எடுக்கறாங்க, அந்த வேதனையைக் கணக்குல சேர்க்காம அதை நல்ல இனம்னு சொல்ல எனக்கு மனசு வரல. பிராமன்ங்கற மாட்டு இனம் வெயிலையும் உண்ணியையும் தாங்கும், கறி கொஞ்சம் கடினம். ஆங்கஸ் இனத்தோட கறி மிருதுவா இருக்கும், கன்னு ஈனறதும் சுலபம், ஆனா கறுப்புத் தோலுக்கு கடும் வெயில் ஆகாது.

பெரிய லாரி லோடு நிறைய ஏத்தும், ஆனா டீசல் குடிக்கும், சந்துல திரும்பாது, அதே மாதிரிதான் பெரிய உடம்பு மாடும், மேய்ச்சல் கம்மியான இடத்துல தன் உடம்பைக் காப்பாத்தவே தீவனம் பத்தாது, அப்புறம் சினை பிடிக்கறதும் தள்ளிப்போகும்.

இனம் நல்லதுன்னா அதுல எல்லா மாடும் நல்லதுன்னு நிறைய பேர் நம்பறாங்க, அது தப்பு, ஒரே இனத்துல ரெண்டு காளைக்குள்ளயே பெரிய வித்தியாசம் இருக்கும்.