குப்பைக்கு வந்த காசு எங்க போச்சு? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அக்கா வணக்கம். எங்க ஊராட்சியில 4000 பேர் இருக்கோம். மூணு வருஷத்துக்கு முன்னாடி குப்பைய உரமாக்குறதுக்குன்னு ஒரு ஷெட் கட்டுனாங்க, பேட்டரி வண்டியும் வந்துச்சு. இப்போ வண்டி பேட்டரி போய் நிக்குது, ஷெட்ல ஆடு கட்டுறாங்க, குப்பைய ஏரிக்கரையில கொட்டி கொளுத்துறாங்க. கேட்டா நிதி இல்லன்னு ஒரே பதில். நெஜமாவே இல்லையா?
- ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: படிக்கவே வேதனையா இருக்கும்மா, ஏன்னா இதே கதைய பல ஊர்லேர்ந்து எழுதுறாங்க. காசு வந்துச்சு, ஆனா ஒரே தடவதான் வந்துச்சு. தூய்மை பாரத இயக்கத்தோட ரெண்டாவது கட்டம் 2020-ல ஆரம்பிச்சப்போ 5000 பேர் வரைக்கும் இருக்குற ஊருக்கு திடக்கழிவுக்குன்னு ஆளுக்கு 60 ரூபா வரைக்கும்னு வச்சாங்க, உங்க ஊருக்கு கணக்கு போட்டா 2,40,000 ரூபா, அதுலயும் 30 சதவீதம் நிதிக்குழு மானியத்துலேர்ந்துதான் (மத்திய நிதிக்குழு பரிந்துரைப்படி ஊராட்சிக்கு வர்ற காசு) வரணும். ஷெட்டு, வண்டி, தொட்டின்னு வாங்குனா அதோட முடிஞ்சுது. அடுத்த வருஷம் பேட்டரி மாத்தணும், டயர் போடணும், தூய்மைக் காவலருக்கு கையுறை வாங்கணும், இதையெல்லாம் யாரும் கணக்குலயே சேக்கல, அங்கதான் எல்லாம் படுத்துடுது.

ஆனா நிதியே இல்லன்னு சொல்றத அப்படியே நம்பிடாதீங்க. 2021-லேர்ந்து 2026 மார்ச் வரைக்குமான 15-வது நிதிக்குழு மானியத்துல 60 சதவீதத்த குடிதண்ணிக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் பாதிப் பாதியா செலவழிக்கணும்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க, வீட்டுக் குப்பைய கையாளுறது அந்த சுகாதாரப் பங்குலதான் வந்துச்சு. மீதி 40 சதவீதத்த ஊருக்கு எது தேவையோ அதுக்கு எடுக்கலாம், சம்பளத்துக்கு மட்டும் தொடக்கூடாதுன்னு இருந்துச்சு. அதனால அடுத்த கிராம சபையில (வருஷத்துக்கு 6 நடக்குது) போய் சுகாதாரப் பங்கு எவ்வளவு வந்துச்சு, எதுக்கு போச்சுன்னு மட்டும் கேளுங்க. ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துல வண்டி பராமரிப்பு, உரக்கூடம் பராமரிப்புன்னு தனித்தனியா எழுதச் சொல்லுங்க, ஏன்னா பிளான்ல ஏறாத வேலைக்கு நிதிக்குழு மானியத்துலேர்ந்து காசு எடுக்க முடியாது. நாலஞ்சு பெண்களா சேந்து போங்க, தனியா போனா பேச விடமாட்டாங்க.

திடக்கழிவு விதிகள் வீட்டுக்கு வீடு கட்டணம் வாங்கவும் இடம் குடுக்குது. 1000 வீடு, மாசம் 30 ரூபான்னா 30,000 ரூபா. ஆனா என்னக் கேட்டா மொதல்ல ஆறு மாசம் வண்டி ஒழுங்கா வாசலுக்கு வரட்டும், அப்புறம் கட்டணம் கேக்கட்டும். வராத வண்டிக்கு யாரும் காசு குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் வேணாம்.

கேள்வி: மண்புழு உரம் வித்தே எல்லா செலவையும் சமாளிக்கலாம்னு எங்க ஊர்ல சொல்றாங்க. முடியுமா அக்கா?
- ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: முடியாது தம்பி. 100 கிலோ மக்கும் குப்பை போட்டா ஏறக்குறைய 25, 30 கிலோ உரம்தான் தேறும், ஈரமெல்லாம் போயிடும், அதுவும் கண்ணாடித் துண்டு, பாலித்தீன் கலக்காம வந்தாத்தான் விவசாயி கைல வாங்குவாரு. லாபம் வேற எடத்துல இருக்கு. நம்ம வீட்டுக் குப்பையில பாதிக்கு மேல சமையக்கட்டுலேர்ந்து வர்றது, அது தெருவுலயே உரமாயிட்டா வண்டி அடிக்கிற நடை கொறையும், கொட்ட எடம் தேட வேணாம்.

மக்காததுல பெட் பாட்டில், அட்டை, இரும்பு இதுக்கெல்லாம் காயலான் கடையில காசு உண்டு, அந்தக் காச பிரிக்கிற தூய்மைக் காவலர்களுக்கே குடுக்கணும்னு தீர்மானம் போடுங்க, அவங்க வாங்குற சம்பளம் அவ்வளவு கம்மி. பிஸ்கட் கவர், சிப்ஸ் பாக்கெட்ட யாரும் வாங்க மாட்டாங்க. அதெல்லாம் அரியலூர் பக்கம் இருக்குற மாதிரி சிமென்ட் ஆலைக்கு எரிபொருளா போகலாம், அதுக்கு லாரி வாடகைய முன்னாடியே பிளான்ல போட்டு வைங்க, இல்லன்னா மூட்ட மூட்டையா ஷெட்லயே கெடக்கும்.

கேள்வி: உரக்குழி நாத்தம் தாங்கல, பக்கத்து வீட்டுக்காரங்க மூடச் சொல்றாங்க.
- ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: மூடாதீங்க. ஈரம் ஜாஸ்தி, காத்து போகல, அவ்வளவுதான். ஒரு பக்கெட் காய்கறிக் கழிவுக்கு ரெண்டு பக்கெட் காஞ்ச எலை போட்டு, வாரம் ஒரு தடவ கிளறி விடுங்க, நாலஞ்சு நாள்ல நாத்தம் அடங்கிடும். தெருவுல கூட்டுற எலைய கொளுத்தாம சாக்குல கட்டி குழி பக்கத்துலயே வச்சிக்கச் சொல்லுங்க, மழைக்காலத்துல அதுதான் கை குடுக்கும்.