ஒருவர் விரும்பிக் கேட்கும் பாட்டை வைத்து அவருடைய குணத்தைச் சொல்ல முடியுமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததையும் படித்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில், பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று “என்ன பாட்டு பிடிக்கும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணும் பட்டென்று “குத்துப் பாட்டுதான்” என்றிருக்கிறார். உங்கள் அம்மாவுக்கு அதற்கப்புறம் கேசரி இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அதே பேச்சு.

முடியாது என்பதுதான் என் பதில். சும்மா சொல்லவில்லை. 2013-லிருந்து 2016 வரை, பாலிடெக்னிக் படித்த மூன்று வருஷமும், சாயங்கால நேரத்தில் திருத்துறைப்பூண்டியில் ஒரு செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் வேலை பார்த்தேன். யார் வீட்டுக்கு என்ன கடிதம் வருகிறது என்று தபால்காரருக்குத் தெரியும். யார் ராத்திரி என்ன பாட்டு கேட்டுக்கொண்டு படுக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு தொழில் இருந்ததே தெரியாது. அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். வருகிறவர் போனின் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, விரல் நகம் அளவில் இருக்கும் கார்டை நெம்பி எடுத்து மேசைமேல் வைப்பார். அது கீழே விழுந்தால் இரண்டு பேரும் மண்டியிட்டுத் தேட வேண்டும். ரீடரில் செருகினால் கம்ப்யூட்டர் ஒரு சத்தம் போடும். பல கார்டுகளில் முதலில் கண்ணில் படுவது வைரஸ்தான். எல்லா போல்டரும் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கும். அதைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் “என்ன பாட்டுண்ணே ஏத்தட்டும்?” என்று கேட்பேன். 20 பாட்டுக்கு 10 ரூபாய், 4 ஜி.பி. கார்டு முழுக்க என்றால் 50. எல்லாமே 128 கே.பி.பி.எஸ். ஒலித்தரம்தான். ஐந்து நிமிஷப் பாட்டு ஒன்று சுமார் 5 எம்.பி., ஆக ஒரு கார்டில் 800 பாட்டு வரை அடங்கும். 320-இல் ஏற்றினால் ஒரே பாட்டு 12 எம்.பி. தின்னும், சைனா போன் ஸ்பீக்கருக்கு இரண்டும் ஒன்றுதான். (காப்புரிமை என்ற சொல்லையே அப்போது நான் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டிருந்தால் மட்டும் வேலையை விட்டிருப்பேனா என்றால், விட்டிருக்க மாட்டேன்.)

எனக்கும் கடைக்கார அண்ணனுக்கும் தினமும் ஒரு பந்தயம். வாசலில் ஆள் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போடுவதற்குள் அவர் எந்த போல்டரைக் கேட்பார் என்று சொல்லிவிட வேண்டும். சோகம், குத்து, மெலடி, ராஜா, அம்மன் என்று வரிசையாக வைத்திருந்தோம். தோற்றவன் டீ வாங்க வேண்டும். மூன்று வருஷத்தில் நான் வாங்கிக் கொடுத்த டீக்குக் கணக்கே கிடையாது. உங்கள் கேள்விக்கு நான் அவ்வளவு தைரியமாக ‘முடியாது’ என்று சொல்வதற்கு அந்த டீக்காசுதான் காரணம்.

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். நடவு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர், ஐம்பது வயசு இருக்கும். எங்கள் பக்கம் கடைமடை. மேட்டூரைத் திறந்து தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் பாதிப் பேர் பொறுமை போய் நேரடி விதைப்பு விதைத்துவிடுவார்கள். மிச்ச வயலில் புரட்டாசி, ஐப்பசியில் நடவு. அப்படி ஒரு புரட்டாசியில்தான் அந்த அக்கா வந்தார். கழுத்தில் சமயபுரம் டாலர், கையில் பாலித்தீன் பையில் சுற்றிய சைனா போன். நான் அம்மன் என்று பந்தயம் கட்டினேன், அண்ணன் பழைய பாட்டு என்றார். அக்கா கேட்டது குத்து. “அதுலயும் நல்லா அடிக்கிறதா பாத்துப் போடு தம்பி. மெலடி போட்டா கை ஓடாது.”

வரப்பில் காலித் தூக்குவாளிக்குள் போனைப் போட்டு வைத்தால் சத்தம் இரண்டு மடங்காகுமாம். பதினைந்து பேர் ஒரே வரிசையில் குனிந்து நடும்போது, ஒருத்தி பின்தங்கினால் எல்லாருக்கும் இடைஞ்சல். அடி விழுகிற பாட்டுக்கு எல்லார் கையும் ஒன்றாகப் போகும். “முன்னாடி நாங்களே பாடிக்கிட்டு நட்டோம். இப்ப மூச்சு வாங்குது, அதான் இது பாடுது” என்று போனைத் தட்டிக் காட்டினார்.

இரண்டு வாரம் கழித்து அதே அக்கா மறுபடி வந்தார். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்ட, நான் ‘குத்து’ போல்டரைத் திறந்தே வைத்துவிட்டேன். “அது இருக்கட்டும். நாகூர் ஹனிபா பாட்டு ஒரு பத்து ஏத்திக் குடு.” பேரனுக்கு விடாத காய்ச்சல். வியாழக்கிழமை நாகூர் தர்காவுக்குத் தூக்கிக்கொண்டு போய் வந்திருக்கிறார். ராத்திரி பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அந்தக் குரல் வேண்டும். சமயபுரம் டாலரோடு நாகூருக்குப் போவது எங்கள் மாவட்டங்களில் யாரும் திரும்பிப் பார்க்கிற விஷயமே இல்லை. தி.மு.க. மேடைகளில் கேட்டதும் இதே ஹனிபா குரல்தான். கட்சிக்காரர்கள் அதற்குத் தனியாக வருவார்கள். 2015 ஏப்ரலில் அவர் இறந்த வாரம் அவ்வளவு பேர் கேட்டு வந்ததால், அந்த போல்டரை எடுத்து டெஸ்க்டாப்பிலேயே வைத்துவிட்டோம்.

இப்போது சொல்லுங்கள், அந்த அக்கா எப்படிப்பட்டவர்? குத்துக்காரியா, பக்திமானா? எனக்குத் தெரிந்ததெல்லாம், பகலில் வயலில் ஒரு பாட்டு, ராத்திரி பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டு என்பதுதான். பாட்டு ஆளைக் காட்டவில்லை, அந்த ஆள் அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதைக் காட்டியது. இது பிடிபட்ட பிறகு நான் பந்தயத்தில் கொஞ்சம் ஜெயிக்கவும் ஆரம்பித்தேன். முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, காலில் சேறா கிரீஸா என்று பார்ப்பேன்.

அதிலும் ஒருவர் என்னைத் தோற்கடித்தார். தை மாசம் அறுவடைக்கு ஆத்தூர் பக்கத்திலிருந்து அறுப்பு மிஷின்கள் எங்கள் ஊருக்கு வந்து இறங்கும். அதில் ஒரு டிரைவர், இருபத்தைந்து வயசுப் பையன். காலில் கிரீஸ். நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவன், நிச்சயம் குத்து என்று நினைத்தேன். அவர் கேட்டது கவுண்டமணி, செந்தில் காமெடி. பாட்டே வேண்டாம், வெறும் பேச்சு, எத்தனை இருந்தாலும் ஏற்று என்றார். “மிஷின் மேல உக்காந்தா இஞ்சின் சத்தத்துல எதுவும் கேக்காதுங்க. ராத்திரி பனி எறங்குனா அறுக்க முடியாது, வயல்லயே படுத்துக்குவேன். சுத்தி ஒரு ஆள் இருக்காது. நாலு பேரு பேசுற மாதிரி இருந்தா தூக்கம் வரும்.” ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது புரியும். எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவருக்கு மட்டும் காசு வாங்க வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அந்த டீயை நான் மனசார வாங்கினேன்.

குத்துப் பாட்டு என்றதும் உங்கள் அம்மா ஏன் முகத்தைச் சுளித்தார் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் வீட்டிலும் அதேதான். ஆனால் குத்துப் பாட்டில் ஓடும் அடிக்குப் பெரும்பாலும் மூலம் எங்கள் ஊர்த் தப்பு மேளம்தான். தஞ்சாவூர் ரெட்டிப்பாளையம் தப்பு செட்டு என்றால் டெல்டாவில் தனி மரியாதை. வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் தப்பைக் காட்டி, தோல் இறுகியதும் விரலால் சுண்டிப் பார்த்து, அப்புறம் அடிக்க ஆரம்பிப்பார்கள். முதல் நாலு அடியிலேயே தெருவில் நிற்கிற ஆள் தோள் அசையும். சாவுக்கும் அது வேண்டும், கோயில் திருவிழாவுக்கும் அது வேண்டும். கல்யாணம் பேசும்போது மட்டும் அது கெட்ட வார்த்தையாகிவிடுகிறது. இதில் சாதிப் பேச்சு கலந்திருப்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. நான் சொல்லிவிட்டேன்.

மறுபக்கமும் உண்டு. சென்னையில் இன்டர்வியூவுக்குப் போனபோது ஒருவர், “திருவாரூர் மாவட்டமா? மும்மூர்த்திகள் பிறந்த மண்ணாச்சே, சங்கீதம் ரத்தத்துலயே இருக்குமே” என்றார். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூன்று பேரும் திருவாரூரில் பிறந்தது வாஸ்தவம். என் ரத்தத்தில் ஓடுவது மைக்செட்காரர் ஆடி மாசம் காலை ஐந்து மணிக்குப் போடும் எல்.ஆர்.ஈஸ்வரி. அதைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று சிரித்து வைத்தேன். சொல்லாமலும் கிடைக்கவில்லை.

சைக்கிள் கடை தாத்தாவை விட்டுவிட்டேன். பங்சர் ஒட்டுகிற கடை, எழுபது வயசு. ஒருநாள் வந்து, “ராஜரத்தினம் பிள்ளை தோடி இருக்கா?” என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். எங்களிடம் நாதஸ்வரம் என்று இருந்ததே ‘கல்யாணம்’ போல்டரில் கிடந்த ஒரு கெட்டிமேளம்தான். திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை 1956-இலேயே இறந்துவிட்டார் என்பதெல்லாம் அன்று ராத்திரி தேடும்போதுதான் தெரிந்தது. முன்பெல்லாம் வாசித்த திமிரி என்ற நாதஸ்வரம் குட்டையானது, சுருதி உசத்தி; கணீரென்று காதைத் துளைக்கும். ராஜரத்தினம் பிள்ளையும் நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் சேர்ந்துதான் இன்றைக்கு நாம் பார்க்கும் நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அப்போது எங்களிடம் இருந்தது டாங்கிள் நெட். 40 எம்.பி. இறங்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று, நடுவில் மூன்று முறை அறுந்தது.

மறுநாள் வந்து காதில் வைத்துக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெரிய ரசிகர் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு, “ராகமெல்லாம் தெரியுமா தாத்தா?” என்றேன். “ஒரு எழவும் தெரியாது. சின்னப் புள்ளையில சாமி பொறப்பாட்டுக்கு காஸ் லைட் தூக்குவேன். தலையில சும்மாடு, அதுக்கு மேல லைட்டு. நாயனக்காரரு ஒரு முக்குல நின்னு தோடி புடிச்சா நானும் நிக்கணும். அசையக் கூடாது. கழுத்து போயிரும். அவ்ளோ நேரம் வேற என்ன பண்றது, கேட்டுக்கிட்டு நிப்பேன்.” 10 ரூபாயை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. மூன்று மாசத்தில் எங்கள் தொழில் படுத்துவிட்டது. அண்ணன் டெம்பர்டு கிளாஸ் ஒட்ட ஆரம்பித்தார், நான் வேறு வேலை தேடினேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மட்டும் பழைய கார்டுகளுக்கு ஒரு மரியாதை திரும்பியது. டவர் இல்லை, கரண்ட் இல்லை, வாரக்கணக்கில் இருட்டு. ஜெனரேட்டரில் சார்ஜ் போட்ட போனில் யாரிடமாவது கார்டு இருந்தால் அவர் வீட்டுத் திண்ணையில் கூட்டம் சேரும். எங்கள் தெருவில் அப்படி ஓடியதில் பாதி நான் ஏற்றிக் கொடுத்த பாட்டு. விழுந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சோகப் பாட்டு ஒன்றையும் யாரும் போட விடவில்லை.

இப்போது நான் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அடங்கல், சிட்டா, ஆதார் நகல், பயிர்க் காப்பீட்டுக் கடைசித் தேதி என்றால் வாசல்வரை வரிசை. கடையில் ஓடுவது காரைக்கால் பண்பலை. எனக்கு என்று எதையும் போடுவதில்லை. பாலிடெக்னிக்கில் ‘ராஜாவா ரகுமானா’ சண்டையில் நான் ரகுமான் கட்சி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தியிருக்கிறேன். அதே ஆள் மன்னார்குடி பஸ்ஸில் ராஜா பாட்டு போடுகிற டிரைவருக்காக முந்தின பஸ்ஸை விட்டுவிட்டு நின்றிருக்கிறேன். இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷக் கடைசியில், நான் அதிகம் கேட்ட பாட்டு எது என்று பாட்டு ஆப் ஒன்று கணக்குப் போட்டுக் காட்டியது. முதல் இடத்தில் யானையும் குரங்கும் ஆடுகிற ஒரு குழந்தைப் பாட்டு. அக்கா பெண்ணுக்கு மூன்று வயசு. அது ஓடாமல் ஒரு வாய் இட்லி உள்ளே போகாது. அந்தக் கணக்கைப் பார்த்து எனக்குப் பெண் கொடுக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்!

ஆகவே நண்பரே, அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தால் என்ன பாட்டு என்று மறுபடி கேட்காதீர்கள், எப்போது கேட்பீர்கள் என்று கேளுங்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் என்றால், அந்த நேரத்துக்குக் குத்துதான் சரி. அம்மாவையும் ஒருநாள் கவனியுங்கள். மாவாட்டும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் டி.வி.யில் என்ன ஓடுகிறது, கால் எதற்குத் தாளம் போடுகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் நான் பார்த்துவிட்டேன், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.