முகம் பார்த்து நாடி சொல்லும் செயலியை வாங்கலாமா?

கேள்வி: கைபேசிக் கேமரா முன் 30 நொடி அமர்ந்தால், உடலைத் தொடாமலே இதயத் துடிப்பைச் சொல்லிவிடும் என்கிறார்களே, இது ஏமாற்று வேலையா? (திருச்சி வாசகர்)

பதில்: அடிப்படை உண்மையானதுதான். ஒவ்வொரு துடிப்பிலும் முகத் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதால், கண்ணுக்குப் புலப்படாத அளவில் நிறம் மாறுகிறது. ரத்தத்தின் சிவப்பு நிறப்பொருளான ஹீமோகுளோபின் பச்சை ஒளியை மிகுதியாக உறிஞ்சுவதால், காணொளியின் பச்சை நிறத்தில் அம்மாற்றம் தெளிவாகப் பதிகிறது. சாதாரணக் கேமராவும் அறை வெளிச்சமுமே இதற்குப் போதும் என்று வெர்க்ரைஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2008-இல் காட்டினர். ஆனால் அசையாமல் அமர வேண்டும். கருத்த தோலில் மெலனின் என்ற நிறமி ஒளியை விழுங்குவதால் பதிவு மெலியும். நான் பார்த்த எந்த விளம்பரத்திலும் இந்த இரண்டாவது செய்தி இல்லை.

கேள்வி: அந்த எண்ணைப் பார்த்து அப்பாவின் இதய மாத்திரையைக் குறைக்கலாமா? (சேலம்)

பதில்: கூடாது.

கேள்வி: ரத்த அழுத்தமும் காட்டும் என்று நம்பி, ஓராண்டுச் சந்தா கட்டினேன். மாடிப்படி ஏறி வந்தாலும் அதே 118/76 தான். பணம் திரும்பாது என்கிறார்கள். (மதுரை)

பதில்: தவறு உங்களுடையது அன்று. கையில் பட்டை கட்டி அளப்பதற்கு இணையானது என்று விற்கப்பட்ட 'இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்' செயலியின் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2016-இலேயே நடவடிக்கை எடுத்தது. விளம்பரத்தையும் கட்டண ரசீதையும் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) சேமித்துக்கொண்டு, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

எனக்கும் இதில் ஒரு பழைய கோபம் உண்டு. இத்தகைய செயலிகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 45 முதல் 240 வரையான எல்லைக்குள் வலுவாகத் தெரியும் அலையைத் தேடி, அதையே துடிப்பாக எடுத்துக்கொள்கின்றன. முகமே இல்லாவிட்டாலும் விளக்கின் சிமிட்டலோ கையின் நடுக்கமோ ஏதாவதோர் அலையைத் தந்துவிடும். நான் காசு கொடுத்து வாங்கிய செயலியின் முன் ஒரு நாள் தலையணையைச் சாய்த்து வைத்தேன். சற்றும் தயங்காமல் 72 என்றது. 'அளக்க இயலவில்லை' என்று சொல்லத் தெரியாத கருவிக்கு எதற்காகக் காசு வாங்குகிறார்கள்?

கேள்வி: மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய காணொளியைச் செயலியில் ஏற்றினேன், 48 என்று காட்டியது. வீடே கலங்கிவிட்டது. (தஞ்சாவூர்)

பதில்: நேரடியாகக் கேமராவில் அளக்க வேண்டும் என்று முதல் திரையிலேயே எழுதியிருக்குமே, அதைப் படித்தீர்களா? அனுப்பும்போது காணொளி சுருக்கப்படுகிறது; கண்ணுக்குத் தெரியாத நிற மாற்றம்தான் முதலில் அழிகிறது. மகளை அழைத்து, மணிக்கட்டில் விரல் வைத்து 30 நொடி எண்ணி, இரண்டால் பெருக்கிச் சொல்லச் சொல்லுங்கள்.